மூன்று வல்லுநர்களின் ஒருமனதான தீர்ப்பு

குழந்தைக்கு வலிக்கிறதா என்று மனிதர்கள் தங்கள் கண்ணாலேயே பார்த்துத் தெரிந்துகொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. அது முறையற்ற பழக்கம் என்று அந்த மருத்துவமனையின் நாலாம் மாடியில் முடிவு செய்தார்கள்.

நாலாம் மாடியில் இருந்தது சிசு வலியறி மையம். சிசு வார்டு இருந்தது இரண்டாம் மாடியில். குழந்தைகள் இரண்டாம் மாடியில் கிடந்தன. அவற்றின் வலியை நாலாம் மாடியில் ஆராய்ந்தார்கள். நடுவில் இருந்த லிஃப்ட் பாதி நாள் ஓடாது.

வார்டில் பன்னிரண்டு தொட்டில். ஒவ்வொரு தொட்டிலின் தலைமாட்டிலும் ஒரு கேமரா, அதற்கு மேல் சட்டைப் பித்தான் அளவில் ஒரு விளக்கு. கேமரா குழந்தையின் முகத்தை விடாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். புருவம் இறங்கியிருக்கிறதா, கண் இறுகியிருக்கிறதா, மூக்கோரம் மடிப்பு விழுந்திருக்கிறதா, வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று கணக்குப் போடும். வலி என்றால் சிவப்பு. இல்லையென்றால் பச்சை. சிவப்பு எரிந்தால் மூலையிலிருக்கும் மருந்து அலமாரியின் பூட்டு தானாகத் திறந்து ஒரே ஒரு ஊசிக்கான மருந்தை நீட்டும். பச்சை எரியும்போது அதன் முன்னால் யார் தலைகீழாக நின்றாலும் திறக்காது. இந்த ஏற்பாட்டுக்கு முகவலிமானி என்று பெயர். வார்டில் எல்லோரும் மானி என்பார்கள்.

மானி வந்தபின் வார்டில் வலி நூற்றுக்கு எண்பத்தெட்டு பங்கு குறைந்துவிட்டது. அதற்காக மையத்துக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். கேடயத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, யாரும் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாது என்று அதற்கும் ஒரு கேமரா வைத்தார்கள்.

அந்தக் கண்ணாடிப் பெட்டியைத் தினமும் துடைப்பவர் வாளியண்ணன்.

அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் இருபத்திரண்டு வருடமாக இரண்டு மாடிகளின் தரையையும் துடைப்பவரை யார் பெயர் சொல்லிக் கூப்பிடப் போகிறார்கள்? கையில் வாளி இருந்தது, பெயர் ஒட்டிக்கொண்டது. ஒப்பந்தக்காரர்கள் மூன்று பேர் மாறினார்கள். வாளிகள் ஏழெட்டு உடைந்தன. வாளியண்ணன் மட்டும் அப்படியே இருந்தார்.

இப்போது அவருடைய மகளே அந்த வார்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் பெற்ற பெண் குழந்தைக்கு இருபது நாள். குடல் முறுக்கிக்கொண்டதால் வயிற்றில் அறுவை செய்து மூன்றாவது தொட்டிலில் போட்டிருந்தார்கள். இன்னும் பெயர் வைக்கவில்லை. இருக்கும் அளவைப் பார்த்து மிளகு என்று கூப்பிட்டார்கள். குழந்தையின் அப்பன் தூரத்தில் வேலை. இரண்டு நாளைக்கு ஒரு தடவை போனில் அழுவான்.

அறுவை முடிந்த மறுநாள் காலை வாளியண்ணன் தரை துடைத்துக்கொண்டே மூன்றாவது தொட்டிலுக்கு வந்தபோது மகள் அவர் கையைப் பிடித்தாள்.

"அப்பா, இவளைப் பாருங்க. இவளுக்கு வலிக்குதுப்பா."

வாளியண்ணன் குனிந்து பார்த்தார். மிளகு அழவில்லை. உதடு இரண்டையும் உள்ளே இழுத்து இறுக்கி வைத்திருந்தாள். இரண்டு புருவத்துக்கும் நடுவில் பிழிந்த துணிபோல ஒரு சுருக்கம். கால்விரல் பத்தும் உள்பக்கம் மடங்கியிருந்தன. மூச்சைக்கூடச் சின்னச் சின்னதாக, வயிறு அசைந்துவிடக் கூடாது என்று பயந்து பயந்து எடுத்தாள்.

விளக்கு பச்சையாக எரிந்தது.

"சிஸ்டர்கிட்டச் சொன்னியாம்மா?"

"விடியறதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன்."

பெரிய சிஸ்டர் பின்னாலேயே வந்து நின்றார். அந்த வார்டிலேயே நரைத்தவர்.

"எனக்குத் தெரியலேன்னு நினைச்சியாம்மா? எத்தனை குழந்தையை இந்தக் கையில வாங்கியிருக்கேன்! வாசல்ல நின்னே சொல்வேன். ஆனா என் கண்ணு அங்கீகரிக்கப்பட்ட கருவி இல்லையாம். போன வருஷம் ஒரு குழந்தையைப் பார்த்து 'வலிக்குது போல'ன்னு நோட்டுல எழுதிட்டேன். அந்த 'போல'வுக்கு விளக்கம் கேட்டு மூணு பக்கத்துக்குக் கடிதம் வந்துச்சு. இப்ப நான் எழுதறது வானிலை மட்டும்தான்."

"டாக்டர்?"

"அவர் மானியைப் பார்ப்பார். பச்சைன்னா 'நல்லது'ன்னு சொல்லிட்டுப் போவார். பாவம், அவருக்கும் வீடு வாசல் இருக்கு."

வாளியண்ணன் மறுபடி விளக்கை நிமிர்ந்து பார்த்தார். அந்த வார்டில் அந்தப் பச்சை எங்கிருந்து வந்தது என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் மானிக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. ஆறாயிரம் குழந்தை முகங்களை எடுத்துவைத்து, இது வலி, இது வலி இல்லை என்று மூன்று வல்லுநர்கள் தனித்தனியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதைப் படித்து மானி கற்றுக்கொள்ளும். வல்லுநர்களில் ஒருவர் ஒரு மாநாட்டுக்குப் போயிருந்தார். இன்னொருவர் அடுத்த மாநாட்டுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். மூன்றாமவர் முடிந்துபோன மாநாட்டுக்கு நன்றியுரை எழுதிக்கொண்டிருந்தார். ஆகவே மூவரும் வேலையை மையத்தின் தலைமைக் குமாஸ்தாவிடம் ஒப்படைத்தார்கள். குமாஸ்தா தலைமை வகிக்கவே நேரம் போதாதவர். அவர் கண்ணில் வாளியண்ணன் பட்டார்.

"உனக்கு ஒரு பொண்ணு இருக்குல்ல?"

"இருக்குங்க."

"சின்னதுல அழுதிருக்கும்ல?"

"அழுதிருக்குங்க."

"அப்ப உனக்கு அனுபவம் இருக்கு. உட்காரு."

உட்காரு என்று அந்தக் கட்டடத்தில் அவரிடம் யாரும் சொன்னதில்லை. குளிரூட்டிய அறை, சக்கரம் வைத்த நாற்காலி. விடியலில் இருந்து நின்ற கால் தன்னால் மடங்கியது. திரையில் ஒரு முகம் வரும். கீழே இரண்டு பொத்தான். பச்சையை அழுத்தினால் அடுத்த முகம். சிவப்பை அழுத்தினால் நாலு கேள்வி வரும்: புருவத் தாழ்வின் அளவு என்ன, கண் இறுக்கத்தின் அளவு என்ன, மூக்கோர மடிப்பின் ஆழம் என்ன, இவ்வலி குறித்துக் குழந்தையின் சொந்தக் கருத்து என்ன. நாற்பது வயதுக்கு மேல் மாலை வகுப்பில் எழுத்து படித்தவர் வாளியண்ணன். ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுத் தொட்டுப் படித்தால்தான் அவருக்கு வாக்கியம் கிடைக்கும். நாலு கேள்வி படித்து முடிப்பதற்குள் ஒரு தாழ்வாரத்தைத் துடைத்துவிடலாம்.

முதல் நாள் நேர்மையாக நாற்பது முகம் முடித்தார். குமாஸ்தா வந்து பார்த்தார்.

"நாப்பதா? இந்த வேகத்துல போனா இந்தக் குழந்தைங்களுக்கெல்லாம் பேரன் பேத்தி பொறந்துடும்."

மறுநாள் வாளியண்ணன் தனக்கென்று ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். வாயைப் பிளந்து கத்துகிறதா, சிவப்பு. மற்றதெல்லாம் பச்சை. வேலை பறந்தது. பதினோரு நாளில் ஆறாயிரமும் முடிந்தது. குமாஸ்தா அதை மூன்று பிரதி எடுத்து, ஆளுக்கொன்றாக மூன்று வல்லுநர்கள் பெயரில் சேர்த்தார்.

இதுவரைக்கும் வாளியண்ணன் மனதைச் சமாதானப்படுத்திக்கொள்ள முடிந்தது. சொன்ன வேலையைச் செய்தேன், தெரியாமல் செய்தேன் என்று. ஒரு முகம்தான் அவரை விடாது. நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ வந்தது. உதட்டை உள்ளே இழுத்து இறுக்கிய முகம். அவர் மகள் ஏழு மாதக் குழந்தையாக இருந்தபோது காதில் சீழ் பிடித்து இப்படித்தான் கிடந்தாள், அழவே இல்லை. பிள்ளை எவ்வளவு சமத்து என்று மூன்று நாள் அவரும் மனைவியும் பூரித்துப்போனார்கள். ஆகவே அந்த முகத்தைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்தது. சந்தேகமில்லாமல் தெரிந்தது. விரல் சிவப்புக்குப் போனது. நாலு கேள்வி நினைவுக்கு வந்தது. முழங்கால் விண்விண் என்றது. விரல் பச்சைக்கு வந்தது.

முதல் முகத்துக்குத்தான் மனம் குத்தியது. அடுத்து அதே மாதிரி வந்த முகங்களுக்கு விரல் தானாகவே பழகிவிட்டது.

இப்போது மிளகின் தலைக்கு மேல் எரிவது மானியின் அறிவா, தன் முழங்கால் வலியா என்று வாளியண்ணனுக்கு நன்றாகத் தெரிந்தது. வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். வாளியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் மாற்றப் போனார்.

பத்து மணிக்குக் கருவிப் பொறியாளர் வந்தார். மேகத்தில் மிதப்பவர்போல மெல்லப் பேசும் இளைஞர். கேமராவின் கண்ணைப் பஞ்சால் துடைத்தார், கையிலிருந்த பலகையைப் பார்த்தார், மகளைப் பார்த்துச் சிரித்தார்.

"நூத்துக்கு நாலும்மா. இந்த வார்டுலயே உங்க குழந்தைதான் ரொம்பக் கம்மி. வாழ்த்துகள்."

"அவ வாயை மூடிக்கிட்டுத் துடிக்கிறாளேங்க!"

"அதாங்க விஷயம். வாயைத் திறந்தாத்தானே மானி பாக்கும்? குழந்தையும் கொஞ்சம் ஒத்துழைக்கணும் இல்லையா?"

ஒரு மடிப்புத் தாளைக் கொடுத்தார். 'வலியைச் சரியாக வெளிப்படுத்துவது எப்படி: பச்சிளம் குழந்தைகளுக்கான கையேடு' என்று தலைப்பு. வாயைப் பிளந்த ஒரு குழந்தையின் படம், பக்கத்தில் ஒரு சரி அடையாளம். உதட்டை இறுக்கிய குழந்தையின் படம், பக்கத்தில் ஒரு தப்பு அடையாளம்.

"முகத்துக்கு நேரா, ஒரு சாண் தூரத்துல பிடிச்சுக் காட்டுங்க. பழகிடுவாங்க."

மகள் முறையிட்டாள். முறையீட்டுத் தாளில் 'வலியால் பாதிக்கப்பட்டவரின் கையொப்பம்' என்ற இடத்தில் மிளகின் கட்டைவிரலைப் பிடித்து மை தடவி வைத்தார்கள். அந்த விரலை மடக்கிய பிடியிலிருந்து பிரிக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. பதினோரு மணிக்கு மறுபார்வைக் குழு வந்து இறங்கியது: ஒரு தலைவர், ஓர் உறுப்பினர், நாற்காலி தூக்க ஒருவர்.

"கருவி கோளாறா இருக்கான்னு முதல்ல பாக்கணும். தெரிஞ்ச வலி ஒண்ணைக் காட்டினா போதும். யாருக்காவது வலிக்குதா?" என்றார் தலைவர்.

உறுப்பினர் கேமராவைத் திருப்பினார். அது மகளின் முகத்தைப் பார்த்து நின்றது. இரவெல்லாம் தூங்காத முகம். அந்த நிமிஷம்தான் அவள் வாய்விட்டு அழ ஆரம்பித்திருந்தாள்.

சிவப்பு எரிந்தது. மூலையில் அலமாரி டக்கென்று திறந்தது.

"பிரமாதம்! கருவி அருமையா வேலை செய்யுது. வலி இருக்கிறது உண்மை. ஆனா குழந்தைக்கு இல்லை, அம்மாவுக்கு. ஏம்மா, இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே?" என்றார் தலைவர்.

பெரிய சிஸ்டர் ஓடிப்போய் மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டு தொட்டில் பக்கம் திரும்பினார்.

"சிஸ்டர்! சிவப்பு எந்த முகத்துக்கு வந்துச்சோ அந்த முகத்துக்கு," என்று தடுத்தார் தலைவர்.

ஆக, மூன்று கிலோகூட இல்லாத குழந்தைக்கு அளந்த மருந்தை, குழு பார்த்திருக்க, அவள் அம்மாவின் கையில் குத்தினார்கள். 'தொட்டில் மூன்று: வலி கண்டறியப்பட்டது, நிவாரணம் அளிக்கப்பட்டது, முறையீடு முடிந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். நாற்காலி தூக்குகிறவர் நாற்காலிகளைத் தூக்கினார்.

மகள் கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள்.

"நீங்க நாலாம் மாடியில தொடைக்கிறீங்களேப்பா. அங்க யாரையும் தெரியாதா?"

"தெரியும்மா."

"இதுக்கு யாரு இப்படிச் சொல்லிக்குடுத்தாங்கன்னு கேளுங்கப்பா. அவங்க வீட்ல குழந்தையே பொறக்கலையா? ஒரு குழந்தை முகத்தைக்கூடப் பாத்ததில்லையா அவங்க?"

வாளியண்ணன் வாளியையும் துடைப்பானையும் எடுத்துக்கொண்டார். "கேக்கறேம்மா," என்றார். லிஃப்ட் ஓடவில்லை. படியேறினார்.

நாலாம் மாடியில் மையத்தின் இயக்குநர் கண்ணாடிப் பெட்டி முன் நின்று பேசிப் பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரத்தில் வேறு மருத்துவமனைகளிலிருந்து விருந்தினர்கள் மானியை வாங்க வருகிறார்கள். குமாஸ்தா எதிரில் நின்று கைதட்ட வேண்டிய இடங்களில் தட்டினார்.

"மூன்று வல்லுநர்கள்! ஆறாயிரம் முகங்கள்! ஒரே ஒரு முகத்தில்கூட மூவருக்கும் இடையே கருத்து வேறுபாடு இல்லை! மற்ற இடங்களில் இரண்டு மருத்துவர்களை ஓர் அறையில் உட்கார வைத்தால் மூன்று கருத்து வருகிறது. நாம் மூவரை மூன்று அறைகளில் உட்கார வைத்தோம். ஒரே கருத்து! ஏன்? உண்மை ஒன்றுதான் என்பதால்!"

குமாஸ்தா தட்டினார்.

"ஐயா," என்றார் வாளியண்ணன், "அந்த மூணு பேரும் நான்தாங்க."

இயக்குநர் குமாஸ்தாவைப் பார்த்தார். குமாஸ்தா விட்டத்தைப் பார்த்தார். வாளியண்ணன் எல்லாவற்றையும் சொன்னார். பதினோரு நாள், நாலு கேள்வி, முழங்கால், உதட்டை இறுக்கிய அந்த முகம், எதையும் மறைக்கவில்லை. சொல்லி முடித்ததும் போலீஸைக் கூப்பிடுவார்கள் என்று நினைத்தார். கூப்பிட்டால் நல்லது என்றும் நினைத்தார்.

இயக்குநர் அவர் தோளில் கை வைத்தார்.

"உட்காருங்க. எதுக்கு இப்படி நடுங்குறீங்க? நீங்க தப்பே பண்ணலை. தப்புன்னு சொல்லணும்னா சரியான ஒண்ணோட வெச்சுப் பாக்கணும். நாங்க சரின்னு வெச்சிருக்கறதே உங்க விரலைத்தான்."

"என் பேத்திக்கு வலிக்குதுங்க ஐயா."

"அது வலி இல்லைன்னு நீங்களே சொல்லியிருக்கீங்களே. மூணு தடவை."

"வேலை மிச்சம் பண்றதுக்காகச் சொன்னேங்க."

"எல்லா அறிவியலும் வேலையை மிச்சம் பண்றதுக்குத்தான். நிதானமா யோசிங்க. குழந்தை ஒண்ணு சொல்லுது, மானி ஒண்ணு சொல்லுது. யாரை நம்பறது? மானிக்கு அஞ்சு வருஷ உத்தரவாதம் இருக்கு. உங்க பேத்திக்கு என்ன உத்தரவாதம் இருக்கு? மானி இதுவரைக்கும் ஒரு தடவைகூடத் தப்பாச் சொன்னதில்லை, ஏன்னா அது சொல்றதை யாரும் சரிபார்க்கறதில்லை. அவ்வளவு நம்பிக்கை!"

வாளியண்ணன் எழுந்திருக்கவில்லை. எதிர்ப்பு ஒன்றும் இல்லை, கால் வரவில்லை. கீழே வண்டிகள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. வாளியும் துடைப்பானுமாக ஓர் ஆள் கண்ணாடிப் பெட்டி அருகே கண்ணீர் விட்டுக்கொண்டிருப்பது விருந்தினர்களுக்கு நல்ல காட்சி இல்லை. குமாஸ்தா இயக்குநரின் காதருகே போனார்.

"விதி ஒன்பது இருக்குங்க. தீராத சந்தேகம் வந்தா மூணு வல்லுநர்களும் மறுபடி உட்கார்ந்து ஒரு முகத்துக்குத் தீர்ப்புச் சொல்லலாம்."

"அவங்க மூணு பேரும் மாநாட்டுக்குப் போயிருக்காங்களே?"

"இங்கதாங்க உட்கார்ந்திருக்காங்க," என்று குமாஸ்தா வாளியண்ணனைக் காட்டினார்.

முதலில் ஒரு தாள் நீட்டினார்கள். வாளியண்ணன் எழுத்து எழுத்தாகப் படித்தார். 'இம்மையத்தில் தரை துடைப்பதைத் தவிர நான் எந்தப் பணியும் செய்ததில்லை என உறுதி கூறுகிறேன்.'

"ஐயா, மத்த பதினோரு தொட்டில்?"

"அவங்க யாரும் முறையிடலையே?"

"எல்லா முகத்துக்கும் நான் உட்கார்றேங்க. கேள்வி எல்லாத்தையும் படிக்கிறேன். எத்தனை நாளானாலும் சரிங்க."

"ஒரு தடவைக்கு ஒரு முகம். வல்லுநர்களை ரொம்ப வேலை வாங்கக் கூடாது, களைச்சுப் போய்த் தப்பாச் சொல்லிடுவாங்க," என்றார் இயக்குநர், உண்மையான அக்கறையோடு. படிக்கட்டில் காலடிச் சத்தம் நெருங்கியது. "கையெழுத்துப் போட்டா இப்பவே மருந்து. இல்லேன்னா அடுத்த மாசக் கூட்டத்துல வெச்சுப் பேசலாம்."

உதட்டை இறுக்கிய மிளகு கண்ணுக்குள் வந்தாள். வாளியண்ணன் கையெழுத்துப் போட்டார். மாலை வகுப்பில் கற்ற கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நின்றது.

பழைய குளிர் அறை, பழைய நாற்காலி. திரையில் பேத்தியின் முகம். சிவப்பை அழுத்தினார். நாலு கேள்வியையும் விரல் வைத்துப் படித்தார், பதில் எழுதினார். குழந்தையின் சொந்தக் கருத்து என்ற இடத்தில் 'ரொம்ப வலிக்குது' என்று எழுதினார். இரண்டாம் வல்லுநராக மறுபடி எழுதினார். மூன்றாம் வல்லுநராக மறுபடி எழுதினார். பக்கத்து அறையில் இயக்குநர் விருந்தினர்களிடம் மூவரின் ஒற்றுமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். சுவர் வழியே கைதட்டல் கேட்டது. மூன்று தடவையும் சேர்த்து இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. அவ்வளவுதானா என்று அவருக்கே திகைப்பாக இருந்தது. ஒரு முகத்துக்கு ஆறேழு நிமிஷம். அவ்வளவுக்குத்தான் அன்று சோம்பியது.

அவர் இறங்கி வருவதற்குள் மூன்றாவது தொட்டிலில் சிவப்பு எரிந்து, அலமாரி திறந்து, பெரிய சிஸ்டர் ஊசி போட்டு முடித்திருந்தார். மிளகின் புருவச் சுருக்கம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்தது. உள்ளே போன உதடு வெளியே வந்தது. கால்விரல் ஒவ்வொன்றாக விரிந்தது. தூங்கிவிட்டாள்.

மகள் அவர் தோளில் சாய்ந்து அழுதாள். "போய்க் கேட்டீங்களாப்பா?"

"கேட்டேம்மா."

"யாராம் அவங்க?"

"மூணு பேராம்மா. பெரிய படிப்புப் படிச்சவங்க."

"நல்லா இருக்கட்டும்," என்றாள் மகள். திட்டுகிறாளா வாழ்த்துகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

மத்தியானம் பாதி வார்டு துடைக்காமல் கிடந்தது. துடைப்பானை நனைத்துக்கொண்டு வரிசையாக வந்தார். நாலு, ஐந்து, ஆறு. தொட்டில்களுக்குள் பார்க்காமல் தரையை மட்டும் பார்த்துத் துடைத்தார். ஏழாவது தொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெண் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். கையில் அந்தக் கையேடு. குழந்தையின் முகத்துக்கு நேரே, சரியாக ஒரு சாண் தூரத்தில் பிடித்திருந்தாள். பிடித்துப் பிடித்துத் தாள் கசங்கியிருந்தது.

"அண்ணே, உங்க பேத்திக்குச் சிவப்பு எரிஞ்சுதே. என்ன பண்ணுனீங்க?"

அவர் தெரியாமல் தொட்டிலுக்குள் பார்த்துவிட்டார். ஒரு ஆண் குழந்தை. உதடு இரண்டும் உள்ளே.

சட்டைப் பையில் அவர் கையெழுத்துப் போட்ட தாளின் நகல் இருந்தது. மூன்றாவது தொட்டிலில் மகள் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ராத்திரிக்கு மிளகுக்கு இன்னொரு ஊசி வேண்டியிருக்கும்.

"ஒண்ணும் பண்ணலம்மா. தானா மாறுச்சு."

"எங்களுக்கும் மாறுமாண்ணே?"

"பாத்துக்கிட்டே இரு."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

வாளியண்ணன் துடைப்பானைப் பிழிந்தார். தண்ணீர் வடியும்வரை பிழிந்தார்; வடிந்த பிறகும் பிழிந்தார்.

"காலைக் கொஞ்சம் தூக்கிக்கம்மா."

அந்தப் பெண் இரண்டு காலையும் முக்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டாள், விளக்கிலிருந்து கண்ணை எடுக்காமலே. அவர் அவளுக்குக் கீழே துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார். தலைக்கு மேல் எரிந்த பச்சை ஈரத் தரையிலும் எரிந்தது. எவ்வளவு அழுத்தித் தேய்த்தும் அது போகவில்லை.